ஆமீன் சொல்லாதவள்

கோங்குர்-பெல் கிராமத்தில் புருல் ஆமீன் சொல்வதை நிறுத்தி ஒரு வருடம் ஆகிறது என்பது மலைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்குக்கூடத் தெரியும். சாப்பாடு முடிந்து எல்லாரும் கையேந்தி முகத்தைத் தடவிக்கொள்ளும்போது இவள் மட்டும் தேநீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய்விடுவாள். கல்யாண வீடு, சாவு வீடு என்ற பேதமெல்லாம் அவளிடம் கிடையாது. முதலில் பரிதாபப்பட்டார்கள், பிறகு முணுமுணுத்தார்கள், இப்போது அவள் எழுந்திருப்பதற்குள் துஆவை முடித்துவிட வேண்டும் என்று ஊர்ப் பள்ளிவாசலில் ஓதிவைக்கும் மோல்தோ அவசர அவசரமாக ஓதுகிறார்.

போன வருடமும் இதே மாதிரிதான் வானம் காய்ந்து கிடந்தது. மலையிடுக்கின் வாயில், ஆற்றங்கரையில் ஊர் கூடி ஆடு அறுத்து மழை கேட்டார்கள். அன்றைக்கு எல்லாரையும்விட உயரமாகக் கையைத் தூக்கி ஆமீன் சொன்னவர் புருலின் புருஷன் ஜுமாஷ். மறுநாளே மழை கொட்டியது. இடுக்கிலிருந்து சேறும் பாறையுமாக வெள்ளம் இறங்கியது. ஊருக்குத் தண்ணீர் பங்கிட்டுவிடும் வேலை ஜுமாஷுடையது என்பதால், வாய்க்கால் மடையை அடைக்க அவர்தான் ஓடினார். திரும்பி வரவில்லை. ஏரிக்கரையில் கண்டெடுத்துத் தூக்கி வந்தார்கள்.

துக்கம் கேட்க வந்தவர்களுக்கு வாயில் ஒரே சொல்தான் இருந்தது. ஆண்டவன் நாட்டம். வாசலில் நுழையும்போது ஆண்டவன் நாட்டம், இறைச்சியைக் கடித்துக்கொண்டே ஆண்டவன் நாட்டம், போகும்போது செருப்பைத் தேடிக்கொண்டே ஆண்டவன் நாட்டம். மூன்றாம் நாள் புருலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'நீங்க கேட்டீங்க, அவன் குடுத்தான், அதுக்குக் கூலியா என் மனுஷனை எடுத்துக்கிட்டானா? நல்ல வியாபாரம்!' என்று கத்தினாள். அன்றோடு ஆண்டவனிடம் பேச்சுவார்த்தை முடிந்தது.

முடிந்தது என்று அவள்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். புதுப்பிறை தெரிந்தால் ஊரே வெளியில் வந்து குனிந்து, இந்த மாதம் நல்லபடியாகப் போகட்டும் என்று கேட்கும். புருலும் வெளியே வருவாள். பிறை எந்தப் பக்கம் என்று நன்றாகப் பார்த்துக்கொண்டு, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். வீட்டுக்குள்ளேயே இருந்து தொலைத்தால் என்ன? மாட்டாள். முதுகைக் காட்டுவது அவனுக்குத் தெரிய வேண்டும். சுடுதண்ணீரை மண்ணில் கொட்டும்போது வாய் பழக்கத்தில் பிஸ்மில்லா என்று ஆரம்பிக்கும், பல்லைக் கடித்துப் பாதியில் நிறுத்துவாள். நிறுத்திவிட்டு, 'உன் பேரைச் சொல்லல, பாத்துக்கோ' என்பாள். யாரிடம் சொல்கிறாள்? பேச்சுதான் முடிந்துவிட்டதே!

ஜுமாஷ் இதற்கு நேர் எதிர். மடையைத் திறக்குமுன் தண்ணீருக்கு சலாம் சொல்வார். முதல் பனி விழுந்தால் தொப்பியைக் கழற்றி மொட்டைத் தலையைக் காட்டிக்கொண்டு நிற்பார், சளி பிடித்தால் புருல்தான் கஷாயம் வைக்க வேண்டும். வசந்தத்தில் வாத்துக் கூட்டம் வடக்கே போனால், 'பாத்தியா, நம்ம ஞாபகம் வந்து ஒரு தடவை எட்டிப் பாத்துட்டுப் போறாரு' என்பார். கண்ணில் தண்ணீர் நிற்கும்.

'வாத்துல எட்டிப் பாக்குறவரு நம்ம அடுப்புல எட்டிப் பாக்கக் கூடாதா? விறகு இல்ல' என்பாள் புருல்.

'சொல்றேன், சொல்றேன்' என்று கோடரியை எடுத்துக்கொண்டு போவார். அப்படி ஒரு மனுஷன். அவரோடு வாழ்வது லேசல்ல. அவர் இல்லாமல் வாழ்வது அதைவிட மோசம் என்பது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது, அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது.

வியாழக்கிழமை. புருல் எண்ணெய் காய்ச்சி ரொட்டி பொரித்துக்கொண்டிருந்தாள். எண்ணெய் வாசம் செத்தவர்களுக்குப் போய்ச் சேரும் என்பதால் இதை மட்டும் அவள் நிறுத்தவில்லை. வாசம் ஜுமாஷுக்கு. பொரித்த பிறகு ஓத வேண்டிய வசனம் மட்டும் கிடையாது. அந்த நேரம் பார்த்து, கீழ்த் தெருவிலிருந்து சோனுன் வந்து வாசலில் நின்றாள்.

'அக்கா, நாளைக்கு மழைக்குத் துஆ. ஆட்டுக்கு எல்லாரும் குடுத்தாச்சு. வீட்டுக்கு வீடு ரொட்டி கொண்டாரணும்.'

'கொண்டாங்க. யாரு வேண்டாம்னா?'

'நீங்களும் வரணும்க்கா. ஒரு வீடு மனத்தாங்கலோட ஒதுங்கி நின்னாக்கூட துஆ மேல போகாதாம். மோல்தோ சொல்லி அனுப்பினாரு.'

'ஓஹோ. மேல போறத நான்தான் வாசப்படியில உக்காந்து மறிக்கிறேனாக்கும்?'

'கோவப்படாதீங்க. உருளைக்கிழங்கு வாடிப் போச்சு. மாடு வெறும் மண்ண நக்குது. ஒரு ஆமீன் சொன்னா உங்களுக்கு என்ன குறஞ்சா போயிரும்?'

புருல் கரண்டியை வைத்தாள். 'மழை கேக்குறீங்களே, மழைத்தண்ணி போறதுக்கு வழி விட்டீங்களாடி?'

சோனுன் தலையைக் குனிந்துகொண்டாள். எதைச் சொல்கிறாள் என்று அவளுக்குத் தெரியும். மலையிடுக்கிலிருந்து ஊரின் நடுவே ஏரி வரைக்கும் அகலமான ஒரு கல்தடம் இறங்குகிறது. வருடம் முழுக்கக் காய்ந்து கிடக்கும், வெள்ளம் வந்தால் அதுதான் பாதை. முன்னெல்லாம் அதில் யாரும் ஒரு முளைகூட அடிக்க மாட்டார்கள். பிறகு ஒருத்தர் வைக்கோல் போருக்குச் சுற்றிக் கல் அடுக்கினார். இன்னொருத்தர் அதைப் பார்த்துக் கிழங்கு போட்டார். ஊர்ப் பெரியவர் மாட்டுத் தொழுவமே கட்டினார். போன வருட வெள்ளத்தில் பாதிச் சுவர்கள் சரிந்தன. ஜுமாஷின் நாற்பதாம் நாள் சாப்பாடு முடிவதற்குள் திரும்ப எழுப்பிவிட்டார்கள், அதுவும் வெள்ளம் உருட்டி வந்த கல்லை வைத்தே!

'போய் அந்தப் பெரிய வீட்டுக்காரர்கிட்ட சொல்லு. தடத்துல இருக்குற சுவரெல்லாம் இறங்கினாத்தான் புருல் வருவா. வழிய அடச்சு வச்சுட்டு வான்னு கூப்பிடறது, எந்த ஊரு மரியாதை? விருந்தாளியக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினா அவன் கதவ ஒடச்சுட்டுத்தான் வருவான்.'

பெரிய வீட்டுக்காரர் என்றது ஊர்ப் பெரியவர் எசெங்குலை. ஜுமாஷின் பெரியப்பா மகன். மருமகளாக வந்தவள் புருஷனுக்கு மூத்தவர்களின் பெயரை வாயால் சொல்லக் கூடாது, அவர்கள் எதிரில் குரலை உயர்த்தவும் கூடாது. கல்யாணமாகி வந்த நாள் முதல் புருல் அதை மீறியதில்லை.

சோனுன் போகிற போக்கில் திரும்பிப் பார்த்துச் சொன்னாள். 'ஒண்ணு சொல்லவாக்கா? எங்க வீட்டுல நான் ஆண்டவனை வெள்ளிக்கிழமைதான் நினைக்கிறேன். நீங்க விடிஞ்சா பொழுது போனா அவருகூடச் சண்டை. எங்க எல்லாரையும்விட உங்களத்தான் அவருக்கு நல்லாத் தெரியும்.'

'போடி, ரொட்டி கருகுது' என்றாள் புருல்.

மறுநாள் போவதில்லை என்றுதான் இருந்தாள். ஆனால் ஆட்டிறைச்சி வேகும் வாசமும் ஊர் மொத்தத்தின் சளசளப்பும் காற்றில் வந்தபோது அவளால் வீட்டில் உட்கார முடியவில்லை. சுவர் ஒன்றுகூட இறங்கவில்லை, ஒரு கல்கூட அசையவில்லை என்று கீழ்ப்பக்கத்துச் சன்னல் வழியாகவே தெரிந்தது. சால்வையைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, ரொட்டி எதுவும் எடுக்காமல், கையை வீசிக்கொண்டு போனாள்.

மலையிடுக்கின் வாயில் புல்தரையில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பெரிய கொப்பரையில் இறைச்சி கொதித்தது. அவள் வருவதைப் பார்த்து மோல்தோவின் முகம் மலர்ந்தது. நல்ல மனுஷர், நல்லதையே நம்புகிறவர். அதுதான் அவரிடம் தொல்லை.

'வாம்மா புருல்! மனசு இளகிருச்சு, அல்ஹம்துலில்லாஹ். உக்காரு.'

'உக்கார வரல மோல்தோ. கேக்க வந்தேன். நீங்க ஓதினவரு, சொல்லுங்க. இந்த மலை, இந்தத் தடம், இதெல்லாம் யாரு போட்டது?'

'இது என்ன கேள்வி? அல்லாஹ் படைச்சது.'

'தடத்தை அவன் போட்டான். பாறையப் பாறையா உருட்டி, இதுதான் என் பாதைன்னு காட்டிட்டுப் போயிருக்கான். தினம் காலையில கண்ணத் தொறந்தா எதிர்ல அதுதான். அதப் பாக்க மாட்டீங்க. அதுல மாட்டைக் கட்டுவீங்க. அப்புறம் இங்க வந்து கண்ண மூடிக்கிட்டு அவனைக் கூப்பிடுவீங்க. கண்ண எதுக்கு மூடறீங்க? தொறந்து பாருங்கய்யா!'

யாரோ இருமினார்கள். எசெங்குல் கம்பளத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். நிதானமாகப் பேசுவதில் அவருக்குப் பெருமை உண்டு.

'புருல், துக்கத்துல பேசுற. தப்பா எடுத்துக்க மாட்டோம். ஆனா மழை வர்றதுக்கு முன்னாடி சுவரு சுவருன்னா? முதல்ல தண்ணி வரட்டும். அறுப்பு முடியட்டும். சாவகாசமா ஒரு கூட்டம் போட்டுப் பேசிக்கலாம்.'

'போன வருஷமும் இதத்தான் சொன்னீங்க.'

'சொன்னேன். இப்பவும் சொல்றேன். வெள்ளம் வர்றது நம்ம கையில இல்ல. ஆண்டவன் நாட்டம்.'

அந்தச் சொல்லைத்தான் அவர் சொல்லியிருக்கக் கூடாது.

'எசெங்குல்!' என்றாள் புருல்.

கொப்பரையைக் கிளறிக்கொண்டிருந்தவனின் கை அப்படியே நின்றது. பெண்கள் வாயில் கையை வைத்துக்கொண்டார்கள். அண்ணன் முறைக்காரரை, ஊர் முன்னால், பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டாள்.

'எசெங்குல்! உன் தொழுவத்தை அவன் கட்டினானா? உன் சுவத்துக்கு அவன் கல்லு சுமந்தானா? செய்யறதெல்லாம் நீ செஞ்சுட்டுப் பழிய மட்டும் மேல அனுப்புவியா? ஒரு வருஷமா நானும் உன் பேச்சக் கேட்டு அவன்கூட மல்லுக்கட்டிட்டு நின்னேனே! கொன்னது உங்க சுவரு. உங்க சுவருதான் என் மனுஷனைக் கொன்னுச்சு!'

எசெங்குலின் முகம் சிவந்தது. நிதானமெல்லாம் போயிற்று. அவரும் எழுந்துவிட்டார்.

'எங்க சுவரா? சொல்ல வேண்டாம்னு ஒரு வருஷமா வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன். நீயே சொல்ல வச்சுட்ட. தடத்துல மேல இருக்குற முதல் சுவரு யாருது? உன் ஆப்பிள் தோட்டத்துது. வெள்ளம் வந்து முட்டினது அதுல. எங்க சுவரெல்லாம் பொலபொலன்னு சரிஞ்சுது. உன்னுது நின்னுச்சு. ஜுமாஷ் கட்டினது சரியுமா? முட்டின தண்ணி அங்கயிருந்துதான் மடைப் பக்கம் திரும்புச்சு. மடையில அவன்தான் நின்னான்.'

சொன்ன பிறகு அவருக்கே ஏன் சொன்னோம் என்றாகிவிட்டது. உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

அது புருலுக்குத் தெரியாத சேதியா? தெரியும். அடக்கம் முடிந்து வந்த அன்றைக்கே, சுவரில் இடுப்பளவு சேறு அப்பியிருந்ததையும், சேற்றின் கோடு மடைப்பக்கமாகச் சாய்ந்து போனதையும் பார்த்துவிட்டாள். பார்த்தது முதல் தோட்டத்துப் பக்கம் இருந்த சன்னலுக்குத் திரை போட்டுவிட்டாள். ஊரைத் திட்டினாள், பிறைக்கு முதுகைக் காட்டினாள், ஆண்டவனைக் கேள்வி மேல் கேள்வி கேட்டாள். ஒரு கேள்வியை மட்டும் கேட்கவில்லை.

தோட்டம் வேண்டும் என்று நின்றது அவள்தான். 'அது நம்ம இடம் இல்ல புருல், அது அவரு வந்து போற பாதை' என்று ஜுமாஷ் எவ்வளவோ சொன்னார். 'ஊர்ல எல்லாரும் ஆளுக்கு ஒரு துண்டு வளைச்சுப் போட்டாச்சு. நீங்க மட்டும் வாத்துக்கு சலாம் சொல்லிக்கிட்டு உக்காந்திருங்க. காஞ்ச கல்லுல எவரு நடந்து வர்றாரு?' என்று இவள்தான் குத்திக் காட்டினாள். நாள் கணக்கில் பேசாமல் இருந்தாள். கடைசியில் வீட்டில் நிம்மதி இருக்கட்டும் என்று அவர் கல் சுமந்தார். செய்வதைத் திருந்தச் செய்கிற மனுஷன். ஒரு கல்லும் அசையாதபடி கட்டினார்.

மேலே கணவாயின்மீது மேகம் ஒன்று தலை நீட்டியது. ஒருத்தன் கையைக் காட்டினான். உடனே வட்டம் முழுக்க ஒரு சலசலப்பு. 'ஆரம்பிங்க மோல்தோ, ஆரம்பிங்க!' என்று நாலைந்து குரல்கள். சற்றுமுன் நடந்ததை மறக்க ஒரு சாக்கு கிடைத்ததில் எல்லாருக்கும் நிம்மதி. மோல்தோ புருலைப் பார்த்தார், எசெங்குலைப் பார்த்தார், கடைசியில் கையை ஏந்தினார்.

புருல் திரும்பி நடந்தாள். வீட்டுக்குப் போய்க் கடப்பாரையை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு வந்தாள். வந்த வேகத்தில் ஓங்கிப் போட்டாள். கல் அசையவில்லை. 'ஏன்யா இப்படிக் கட்டின? ஏன்யா? நான் கத்தினா கத்திட்டுப் போறேன்னு விட வேண்டியதுதான? என் பேச்செல்லாம் ஒரு பேச்சுன்னு கேட்டியே, உனக்கு அறிவு வேணாம்?' அடிக்கு ஒரு வசவு. புருஷனுக்குப் பாதி, தனக்குப் பாதி. இடுக்கில் கடப்பாரையை விட்டு நெம்பியபோது முதல் கல் விழுந்து அவள் கால் நகத்தைப் பெயர்த்தது. அதற்கும் ஒரு வசவு. மேல் வரிசை சரிந்தபோது இரண்டு ஆப்பிள் கன்றுகள் அடியில் நசுங்கின. ஒன்றில் கோலிக்குண்டு அளவுக்குப் பச்சைக்காய் பிடித்திருந்தது. அவர் கையால் வைத்த கன்று. அழுகை வந்தது, அழுதுகொண்டே நெம்பினாள்.

வெள்ளம் நுழையும் அளவுக்குச் சுவரில் வாய் திறந்ததும் நிமிர்ந்து கீழே பார்த்தாள். பார்த்த பிறகுதான் உறைத்தது. இனி தண்ணீர் மடைப்பக்கம் திரும்பாது. தடத்தில் நேராக இறங்கும். இறங்கி எசெங்குலின் தொழுவச் சுவரில் முட்டும். இந்தத் தடவை அதற்குச் சிமென்ட் பூசியிருந்தார்கள். அதில் முட்டித் திரும்பினால், நேரே சோனுனின் வீட்டுக்குள்தான்.

மேலே புல்தரையில் மோல்தோவின் குரல் ஏறிக்கொண்டே போனது. 'யா அல்லாஹ், எங்க மேல மழையை இறக்கு!' ஊரே ஒரே குரலில், 'ஆமீன்!' கணவாயின் மேலிருந்த மேகம் இப்போது மலையின் பாதியை மூடியிருந்தது. காற்று திரும்பிவிட்டது. நனைந்த கல்லின் மணம் இடுக்கிலிருந்து இறங்கி வந்தது.

புருல் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு தொழுவத்தை நோக்கி ஓடினாள். ஓடிக்கொண்டே வானத்தைப் பார்த்துக் கத்தினாள். ஒரு வருடமாகக் கேட்காதவள், இப்போது கேட்டாள்.

'அவங்க சொல்றதக் காதுல போட்டுக்காத! கேக்குதா? இப்ப வேணாம்! அவங்களுக்குப் புத்தி இல்ல, எனக்கும் இல்ல, உனக்குமா இல்ல? கொஞ்சம் பொறு! வழி விடுறேன், அப்புறம் வா! நீ எவ்வளவு வேணும்னாலும் வா, நான் ஏன்னு கேக்க மாட்டேன். இப்ப மட்டும் பொறு!'

புல்தரையில் கையேந்தியிருந்தவர்களுக்கு அது கேட்டது. ஊர் மழை கேட்கும்போது ஒருத்தி மழை வேண்டாம் என்று கேட்கிறாள். பலருக்குக் கோபம், சிலருக்குப் பயம். சோனுன் மட்டும் ஏந்திய கையை அப்படியே வைத்துக்கொண்டு, இடிந்த தோட்டத்துச் சுவரையும், தொழுவத்தையும், அதற்குப் பக்கத்தில் தன் வீட்டுக் கூரையையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தாள். பிறகு கையை உதறிக்கொண்டு எழுந்தாள். கொப்பரைக்குப் பக்கத்தில் கிடந்த மண்வெட்டியை எடுத்தாள்.

'துஆ இன்னும் முடியலம்மா!' என்றார் மோல்தோ.

'நீங்க கேட்டுக்கிட்டே இருங்க' என்று சொல்லிவிட்டு அவள் சரிவில் ஓடினாள்.

மலைக்குள் எங்கோ இடி உருண்டது. தொழுவத்தின் முன்னால் மூச்சு வாங்க நின்ற புருல் தலையைத் தூக்கினாள்.

'பொறுன்னு சொன்னேன்ல!' என்று அதட்டிவிட்டு, எசெங்குலின் சுவரில் கடப்பாரையை இறக்கினாள்.